டோக்கியோவில் ஒரு லயமும் காளிமுத்து சேரும்

காளிமுத்து சேர் போய்விட்டார் என்ற செய்தி, பதுளை பஸ் நிலையத்தில் நான் பாடசாலைக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்து நின்றபோது வந்தது. தொலைபேசியில் அவருடைய மனைவி செல்லம்மா அக்கா. "டீச்சர், சேர் போயிட்டாருங்க. விடியக் காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த ரோட்டுல லொறி வந்து சேர்றதுக்குள்ள..." என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். எட்டு மாதமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சண்டை பாதியில் நிற்கும்போது இப்படி எழுந்து போய்விடலாமா?

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மடுல்சீமைப் பக்கத்துப் பாடசாலையில் பதினொரு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். அவர் கணிதம், நான் சித்திரம். ஒரு கணக்கை மூன்று வழியில் செய்து காட்டி, மூன்றையும் பிள்ளைகள் செய்யும்வரை மணி அடித்தாலும் வகுப்பை விட மாட்டார். அடுத்த பாடம் என்னுடையதாக இருக்கும். வாசலில் வண்ணப் பெட்டியோடு நிற்பேன். "சித்திரத்துக்கு என்ன டீச்சர் அவசரம், மலை எங்கயும் போயிறாது" என்பார்.

அவர் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒட்டி ஒட்டி அறைகள் கட்டிய ஒரு பழைய லயத்தின் கடைசி அறையில் பிறந்தார். ஆசிரியர் ஆன பிறகும் வேறு காணி கிடைக்காமல் அதே அறையில்தான் இருந்தார். நான் பண்டாரவளையில் கடை வைத்திருந்தவரின் மகள். லயத்து அறையில் ஓர் இரவும் படுத்ததில்லை. அதனால்தானோ என்னவோ, எட்டு அறைகள் கொண்ட அந்த லயத்தை, பழைய பொருட்களைப் பார்வைக்கு வைக்கும் ஒரு நூதனசாலையாக மாற்ற வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தது. கொழுந்துக் கூடை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிட ஊதிய கொம்பு, அம்மிக்கல், தகரப் பெட்டி எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம் என்றேன். சேர் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டார். அதற்கென்று அமைத்த குழுவுக்கு அவர் தலைவர், நான் செயலாளர். மூன்று வருடம் கடிதம் எழுதி எழுதி, கடைசியில் பதுளையில் ஓர் அலுவலகம் "பார்க்கலாம்" என்று சொல்லும் அளவுக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் இருவருக்கும் டோக்கியோவில் மூன்று வார ஆசிரியர் பயிற்சி கிடைத்தது. சேர் புறப்படும் முன்பே தொலைபேசியில் ஒரு படத்தைத் தேடி வைத்திருந்தார். அந்த நகரத்து நூதனசாலை ஒன்றில், பழைய காலத்துக் கூலிக்காரர்களின் வீட்டு வரிசையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்களாம். ஒட்டி ஒட்டி அறைகள், பொதுத் தண்ணீர், பொதுக் கக்கூஸ். "பாருங்க டீச்சர், ஜப்பான்காரனும் லயத்துலதான் இருந்திருக்கான்" என்று ஆசிரியர் அறை முழுக்கக் காட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போனது வேறு நூதனசாலைக்கு. பெரிய கட்டடம். ஒரு மாடி முழுக்க வாள், இன்னொரு மாடி முழுக்கப் பானை. கால் கடுத்துப்போய் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சேர் ஒரு வாளின் முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: "இதைத் தெனமும் தொடச்சவன் ஒருத்தன் இருந்திருப்பான்ல? அவன் துணி எங்க?" விளக்கமளித்த பெண்ணிடம் இதை ஆங்கிலத்தில் கேட்கச் சொல்லி என் உயிரை எடுத்தார். கேட்டேன். அந்தப் பெண் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரம் திங்களும் செவ்வாயும் வகுப்பு இல்லை. திங்கள் அங்கே அரசாங்க லீவு. அன்று காலை, சேர் படத்தில் காட்டிய நூதனசாலைக்கு "இன்னைக்கே போவோம்" என்றேன். சேர் சிரித்தார். "லீவு நாள்ல எவன் தொறந்து வச்சிருப்பான்? நாளைக்கு நிம்மதியாப் போகலாம்." நம் ஊர்க் கணக்கு அது. பௌர்ணமிப் போயா என்றாலும் லீவு என்றாலும் அரசாங்கக் கந்தோரெல்லாம் பூட்டு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்று முழுவதும் விடுதியில் துணி துவைத்தோம், ரொட்டி சுட்டுக் கட்டச் சம்பலோடு சாப்பிட்டோம். செவ்வாய்க்கிழமை இரண்டு ரயில் மாறி, ஒரு மைல் நடந்து போனால் கதவு பூட்டியிருக்கிறது. அங்கே நூதனசாலைக்குத் திங்கள்தான் ஓய்வு நாளாம். ஆனால் திங்கள் அரசாங்க லீவாக வந்தால், சனங்கள் பார்க்க வருவார்கள் என்று திறந்து வைத்துவிட்டு, செவ்வாய் பூட்டுவார்களாம். காவலாளி இதை எங்களுக்குக் கையால் சொல்லிக் காட்டி, மூன்று முறை கும்பிட்டார்.

நான் கொதித்துப்போனேன். சேர் நிதானமாகச் சொன்னார்: "நம்ம ஊருல திட்டி அனுப்புவான், இங்க கும்பிட்டு அனுப்புறான். ரெண்டு எடத்துலயும் நாம வெளியதான் நிக்கிறோம்."

கடைசி நாள் வகுப்பு மூன்றரைக்கு முடிந்தது. ஓடினோம். அவர்கள் பூட்ட இன்னும் அரை மணி இருக்கும்போது உள்ளே போனோம். அந்த வீட்டு வரிசைக்குள் ஏறச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். பயணத்துக்கென்று பதுளையில் புதிதாக வாங்கிய சேரின் சப்பாத்து முடிச்சு அவிழவில்லை. மனிதர் அவசரமில்லாமல் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகப் பார்க்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனதும் பாதத்தால் அறையை அளந்தார். "ஒன்பதுக்குப் பன்னெண்டு. நம்மளுது பத்துக்குப் பன்னெண்டு. ஓரடி நமக்குத்தான் கூட, டீச்சர்!" என்று சிரித்தார். அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததே இல்லை. நான் எங்கள் திட்டத்துக்காகப் படம் எடுக்கத் தொடங்கினேன். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாயை மடித்து வைத்திருந்த விதம், ஒன்றையும் விடவில்லை.

அங்கே ஒரு வயதான வழிகாட்டி அம்மா இருந்தார். சேர் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்: "இதுல இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க?" அந்த அம்மா, தானே இப்படி ஒரு வரிசையில் பிறந்ததாகவும், இப்போது எட்டாவது மாடியில் குடியிருப்பதாகவும் சொன்னார். இப்படியான வரிசைகளிலிருந்து எல்லாரும் வெளியேறிய பிறகுதான் இதைப் பார்வைக்கென்று கட்டினோம் என்றார். சேரின் சிரிப்பு அப்படியே நின்றது. "வாங்க போவோம்" என்றார். இன்னும் பத்து நிமிடம் இருந்தது, பாதிப் படம்கூட எடுக்கவில்லை. அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரயிலில் நான் சத்தம் போட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னது இதுதான்: "அவங்க வெளிய வந்துட்டுத் திரும்பிப் பாக்குறாங்க டீச்சர். நாம உள்ள இருந்துகிட்டே நம்மளை டிக்கட் போட்டுக் காட்டப் போறோமா?"

ஊருக்கு வந்ததும் பதுளை அலுவலகம் கூட்டம் வைத்தது. எட்டு அறைகளில் நான்கில், சேருடையதும் சேர்த்து, இன்னும் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்குப் பக்கத்திலேயே தற்காலிகமாகத் தகரக் கொட்டகை போட்டுத் தருவார்களாம். தலைவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சேர் எழுந்து நின்றார். "மொதல்ல நாலு வீட்டைக் கட்டிச் சாவியைக் குடுங்க. அப்புறம் லயத்தை நானே கூட்டித் தொடச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். எனக்கு மூன்று வருட உழைப்பு கண்முன்னால் போனது. எல்லார் முன்னிலையிலும் அவரைச் சுயநலக்காரர் என்றேன். வீடு அவருக்கும் சேர்த்துத்தானே கேட்கிறார் என்ற அர்த்தத்தில். அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

சாவு வீட்டுக்குப் போனபோது மழை. அந்த அறையில் பெட்டியை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை என்று வெளியே தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஒழுகிய பக்கத்தில் செல்லம்மா அக்கா ஒரு சட்டியை வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்து, "ஒரு வீட்டுல வச்சு அனுப்ப முடியலையே டீச்சர்" என்று அழுதார். பதுளை அலுவலகத்து அதிகாரியும் மலர்வளையத்தோடு வந்திருந்தார். வைத்துவிட்டுத் திரும்பியவர், லயத்தின் கூரை மரத்தை அண்ணாந்து பார்த்து, "பழசு மாறாம அப்படியே இருக்கே டீச்சர், ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றார். பிறகு மெதுவாக, "இனி செயலாளர் கையெழுத்தே போதும்" என்றார்.

செல்லம்மா அக்கா கேட்கும் தூரத்தில்தான் நின்றார். நான் அந்த அதிகாரியிடம், கையெழுத்துக் கிடைக்காது, நாலு வீடு எங்கே என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். மறுவாரம் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று கேட்டேன். இதை எழுதுவதற்கு முன்பும் போய்விட்டுத்தான் வந்தேன். அதிகாரி இல்லையாம், நாளைக்கு வரட்டாம்.

சேரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபம். சத்தமில்லாத கோபம் அது, என்னிடம் வந்து சத்தமாகிவிட்டது. எட்டு மாதம் என் கோபத்தை அவர் மேல் காட்டி வீணாக்கினேன். நாளைக்கும் போவேன்.