பொடியாக நறுக்கிய காய்

என் அத்தானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நல்லது நிறைய இருக்கிறது. இருபது வருடமாக அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்கிறார். ஒரு தாள் கோணியதில்லை, கையில் ஒரு கீறல் பட்டதில்லை. எனக்கு அங்கே வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான். ஆனால் பேனாவைத் திறந்தால் காய்கறிதான் முன்னால் வந்து நிற்கிறது. என்ன செய்ய?

அத்தானுக்குக் காய் ஆகாது. பாகற்காய் என்று சொன்னாலே முகம் அஷ்டகோணலாகிவிடும். மீன், கறி, முட்டை, இவ்வளவுதான் அவர் உலகம். என் அக்காவுக்கோ காய் மட்டும்தான் சமைக்கத் தெரியும். எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. கல்யாணமான முதல் வாரம் மதிய டப்பா கொடுத்தபடியே திரும்பி வந்தது. அக்கா அடுப்பங்கரையில் நின்றபடியே ஆறிப்போன அதைத் தானே தின்றாள். அத்தான் அதைப் பார்த்துவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை.

மறுநாள் டப்பாவை அச்சகத்தில் புத்தகம் தைத்து அட்டை போடும் பைண்டரிடம் தள்ளினார். பைண்டர் தனியாக வசிப்பவர், வயதானவர், முன்பல் நாலும் கடைவாய்ப் பல்லில் பாதியும் போனவர். பஸ் ஸ்டாப் கடையில் வறுத்த கறியை வாங்கிக்கொண்டு வருவார், மெல்ல முடியாமல் தவிப்பார். கறி இந்தப் பக்கம் வந்தது, காய் அந்தப் பக்கம் போனது. டப்பா துடைத்த மாதிரி காலியாக வீடு திரும்பியது. அக்கா முகம் மலர்ந்து, "எப்படி இருந்துச்சு?" என்றாள். அத்தானுக்கு என்ன தெரியும்? "நல்லாருந்துச்சு" என்று சொல்லி வைத்தார். மதியமே வயிறு நிறைந்துவிட்டது என்று ராத்திரி மோர்ச்சோற்றோடு நிறுத்திக்கொள்வார்.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா விவரம் கேட்பாள் என்று தினமும் பைண்டரிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.

"எப்படிண்ணே இருக்கு இன்னைக்கு?"

"பீட்ரூட் தேவாமிர்தம். கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சா இன்னும் தூக்கும். காயை மட்டும் இன்னும் பொடியா நறுக்கச் சொல்லுங்க."

மாலையில் அத்தான் அதைக் கிளிப்பிள்ளை மாதிரி வீட்டில் ஒப்பிப்பார். அக்கா எலுமிச்சை பிழிந்தாள். பொடியாக நறுக்கினாள். இன்னும் பொடியாக என்றதும் அரைமணி நேரம் முன்னால் எழுந்து பீன்ஸைக் கடுகளவுக்கு நறுக்கினாள். அவள் விரலில் வாரம் ஒரு பிளாஸ்டர் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரியிடம், "காயே தொடாத மனுஷன், என் கையால மாறிட்டாரு" என்று பெருமை வேறு. அவளுக்கென்று அவள் சொல்லிக்கொண்ட பெருமை அது ஒன்றுதான்.

நான் அவர்கள் வீட்டில் தங்கி அச்சகத்தில் சேர்ந்தபோது இந்தக் கூத்துக்கு மூன்று வயது. என் கையிலும் அதே காய், வேறு டப்பா. "மச்சான், வீட்ல வாயைத் திறந்துடாத" என்றார். நான் திறக்கவில்லை. வேலை வாங்கித் தந்தவர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் அத்தான். மேலே ஒரு பிடி அள்ளிப் போட்டு மூடியவன் நான்.

ஒன்பதாம் வருடம் பைண்டர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குக் கிளம்பினார். "உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, ஒம்பது வருஷமா எனக்குச் சோறு போட்டாங்கன்னு" என்று கண் கலங்கினார். அத்தான் தலையாட்டினார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அடுத்த நாள் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கே ஒண்ணு இருக்கு அத்தான்" என்றேன். அவருக்கோ பசி. கண்ணை மூடிக்கொண்டு மருந்து மாதிரி பாகற்காயை விழுங்கினார். மூன்றாம் நாள் பீட்ரூட். நாலு வாய் போனதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இது எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

"எப்பவும்."

மிச்சத்தை மெதுவாகத் தின்று முடித்தார். ஒரு மாதத்தில் பாகற்காய்கூடப் பிடித்துப்போய் டப்பாவை விரலால் வழித்துத் தின்னும் அளவுக்கு வந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆள் குறுகித்தான் போனார். மாலையில் அக்கா வழக்கம்போல "எப்படி இருந்துச்சு?" என்பாள். ஒன்பது வருடம் பொய்யாகச் சொன்னபோது கணீரென்று வந்த "நல்லாருந்துச்சு", உண்மையானதும் முணுமுணுப்பாகத்தான் வந்தது.

விடுமுறை நாளென்றால் மீன் சாப்பிடத் தன் அம்மா வீட்டுக்கு ஓடுகிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடவில்லை. அக்கா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, மென்று முழுங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பைண்டர் கறியை மெல்ல முடியாமல் தவித்ததையும், அவர் சொன்ன நன்றியையும் சேர்த்துத்தான்.

கத்தி நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"நீயும் அதே மேசையிலதானே உக்காந்து தின்ன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவருக்குப் பல்லு இல்லையா?" என்று அத்தானிடம் கேட்டாள்.

"முன்னாடி நாலு இல்ல."

"அதான் பொடியா நறுக்கச் சொன்னீங்களா?"

அக்கா பிளாஸ்டர் ஒட்டிய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த முட்டைக்கோஸை நாலே வெட்டில் பெரிய பெரிய துண்டாகப் போட்டாள். "உங்களுக்குப் பல்லு நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை டப்பாவில் கட்டை கட்டையாகக் காய் இருந்தது. அத்தான் ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். நிஜமாகவே ருசியாக இருந்தது. மாலையில் டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரை வாசலிலேயே நின்றார். அக்கா டப்பாவைக் கழுவினாள், துடைத்தாள், கவிழ்த்தாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

கடைசியில் அவரே சொன்னார்: "நல்லாருந்துச்சு."

அக்கா திரும்பாமலே கேட்டாள்: "யாரு சொன்னா?"