வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

காலை ஐந்து பத்துக்கு நான் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, பக்கத்து வீட்டு ஹென்க் நாயோடு வெளியே வருவார். எழுபது வயதிருக்கும். வேலிமேல் ஒரு கையை ஊன்றி, "வார் ஹா யே ஹேன்?" என்பார். எங்கே போகிறாய் என்று பொருள். நெதர்லாந்தில் அது அன்பான விசாரிப்பு. நானோ சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் வெளியே கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். 'தூரமா?' என்றுதான் கேட்போம்.

தண்ணீர் குடித்துத் திரும்ப ஆறு நிமிடம் ஆகிறது, டைரியில் குறித்திருக்கிறேன். நான் வேலை செய்யும் பூ பேக்கிங் கூடம் பதினோரு கிலோமீட்டர். அந்நேரத்துப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். ஆறு மணிக்கு ஷிப்ட். எதிர்காற்றுக்கும் மழைக்கும் நேரம் ஒதுக்கியிருந்தேன், ஹென்க்குக்கு ஒதுக்கவில்லை. ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிப் பார்த்தேன். நாயும் முன்னதாக எழுந்துகொண்டது. இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை ஆனால் ஒப்பந்தம் நீடிக்காது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் போனால் விசாவும் போகும்.

"அந்தப் பெரியவரு நம்மூர்லயா பொறந்தாரு? அவருக்கு இன்னா தெரியும்? நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருங்க," என்றாள் என் மனைவி. அவள் மூங்கில்துறைப்பட்டுக்காரி. "பயமா இருந்தா தண்ணிய பாட்டில்ல எடுத்துக்கோங்க."

"தண்ணி மட்டும் பத்தாது. உக்காரணும்."

"சைக்கிள்ல நின்னுக்கினா போறீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலிடெக்னிக் படித்தபோது தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சைக்கிளில்தான் போவேன். தேர்வு நாளன்று தெருவில் ஒருவர் எங்கே என்று கேட்டார். தண்ணீர் குடிக்க வீட்டுக்குத் திரும்பாமல் போனேன். பாதி வழியில், கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கியபோது செயின் அறுந்தது. அந்தத் தேர்வை அடுத்த பருவத்தில்தான் எழுதினேன். செயின் ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது தாமதம் நேர்ந்திருக்க வேண்டிய காலையில் காற்று வேலிச் செடிகளைப் படுக்கவைத்திருந்தது. ஹென்க் கேட்டார். உள்ளே போனால் வேலை இல்லை. முதல் முறையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன்: "பூ கூடத்துக்கு. பதினோரு கிலோமீட்டர்."

அவர் முகம் மலர்ந்தது. அதே சாலையில் முப்பது வருடம் சைக்கிளில் வேலைக்குப் போனவராம். பாலம் தாண்டியதும் கரைமேல் ஏறாதே, கீழ்ப்பாதையில் போ, காற்று தலைக்கு மேலே போய்விடும் என்றார். இத்தனை நாளும் இதைச் சொல்லத்தான் கேட்டிருக்கிறார். ஐந்து ஐம்பத்தேழுக்குக் கூடத்தில் இருந்தேன். அதன்பின் அவர் வெளியே வராத நாட்களில்தான் மிதிப்பது கனத்தது.

ஒப்பந்தம் நீடித்தது. இந்த விடுமுறையில் தியாகதுருகத்தில் தங்கை வீட்டு வாசலில் வேலியோரம் நின்றிருந்தேன். மச்சான் நிலம் பதிவு செய்யப் பத்திரப்பையோடு வண்டியை உதைத்தார்.

"எங்க மச்சான் போறீங்க?" என்றேன், பிரியமாக.

வண்டி நின்றது. அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"இன்னாண்ணா நீ, வெள்ளக்காரனாட்டம் கேக்கற!" என்ற தங்கை சொம்பை எடுக்க ஓடினாள்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நான் வெளியே, வேலிமேல் ஒரு கையை ஊன்றியபடி நின்றுகொண்டிருந்தேன்.