பரிமளம் பாறையையும் வரைந்தாள்

பரிமளத்தின் படங்களில் மிருகம் மட்டும்தான் இருக்கும். மரம் கிடையாது, கல் கிடையாது. பின்னால் வெறும் வெள்ளை. கொழும்பில் அவள் படங்கள் விலைபோகத் தொடங்கிய பிறகு, அது என்னவோ புதுப் பாணி என்று படித்தவர்கள் மெச்சினார்கள். பாணியாவது மண்ணாங்கட்டியாவது! எழுபத்தாறாம் ஆண்டு நடந்ததைக் கேட்டால் மெச்சிய வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. குருவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினாள். விடியற்காலையில் மரங்களைக் கீறிவிட்டால், சிரட்டைகளில் பால் வடிந்து முடிய இரண்டு மணி நேரமாவது ஆகும். மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் வெற்றிலை போட்டு ஊர்வம்பு பேசுவார்கள். பரிமளம் ஏழாம் நம்பர் மலை உச்சிக்கு ஏறி, காட்டோரத்தில் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவாள். அங்கே ஒரு பாறையில் வெயில் காய ஒரு பெண் சிறுத்தை வரும். கூடவே முக்கால்வாசி வளர்ந்த இரண்டு குட்டிகள். முதலில் அவளைக் கண்டாலே மறைந்தவை, நாலைந்து மாதத்தில் இவள் நம்ம ஆள் என்பதுபோல் கண்டுகொள்ளாமல் படுத்துக் கிடந்தன. பைத்தியக்காரிக்கு அதில் அவ்வளவு பெருமை!

தாயை மட்டும் பெரிய பலகையில் வரைந்தாள். புள்ளி ஒன்று கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாறையின் வெடிப்பு, அதன்மேல் சாய்ந்து நின்ற கித்துள் மரம், எல்லாம் உள்ளது உள்ளபடி. இரத்தினபுரியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் றஊப் நானா அதைக் கடை முகப்பில் மாட்டினார். அவர் கடையில்தான் அதுவரை அவளுடைய மைனாவும் அணிலும் விற்றன.

ஒரு சனிக்கிழமை அவள் கடையில் இருந்தபோது மாணிக்கக்கல் முதலாளி ஒருவர் வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“கலண்டர் பாத்து வரைஞ்சதுதானே இது?” என்று சிரித்தார்.

பரிமளத்துக்குச் சுருக்கென்றது. “இல்லீங்க ஐயா! நான் கண்ணால பாத்தது. எங்க தோட்டத்து ஏழாம் நம்பர் மலை உச்சியில இந்தக் கல்லு இப்பவும் இருக்கு. பால் வடியிற நேரம், எட்டு மணிக்கெல்லாம் வந்துரும். ரெண்டு குட்டியும் இருக்குங்க.”

அவர் பேரம் பேசாமல் வாங்கினார். கொழும்பில் கண்காட்சி வைக்க மண்டபம் பிடித்துத் தருவதாகவும் சொன்னார். தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்வரை அவள் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் அடைமழை. பால்வெட்டு இல்லை, அவள் மலைக்கும் போகவில்லை. மழை விட்டதும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். றஊப் நானாவோடு போனாள். அவர் வீட்டு முன்அறைச் சுவரில் அவள் படம் தொங்கியது. அதன் பக்கத்தில், நாலு காலையும் விரித்து ஆணியடித்த ஒரு தோல்.

அவளுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இடது தோளில் மூன்று புள்ளிகள் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. அவற்றை வரைய இரண்டு நாள் பட்ட பாடு அவளுக்குத்தானே தெரியும்!

“பாத்தியா, ஒரு புள்ளி பிழையில்ல!” முதலாளி படத்தையும் தோலையும் மாறிமாறித் தொட்டுக் காட்டினார். “கல்லு, மரம், நேரம், எல்லாம் நீ சொன்னபடியே. மழைக்கு நடுவுல ஒரு நாள் வெயில் அடிச்சிச்சு, ஆள் அனுப்பினேன். ஒரே வெடி! அந்தக் குட்டி ரெண்டையும் வரைஞ்சு கொண்டா. ஆளுங்க நாளன்னைக்குத் திரும்பவும் மலைக்குப் போறாங்க. மண்டபத்துக்கும் சொல்லிட்டேன்.”

றஊப் நானா “யா அல்லாஹ்” என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பரிமளம் வாசலில் இறங்கி நடந்தாள். சுட்டது அவன் துப்பாக்கி. வழி சொன்னது என் வாய். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அது ஒன்றே அவள் மண்டைக்குள் இடித்தது.

மறுநாள் காலை பால் வடிகிற நேரம் மலையேறினாள். கொப்பி கொண்டுபோகவில்லை. குட்டிகள் இரண்டும் பாறையில்தான் கிடந்தன. கையிலிருந்த வெறும் பால் வாளியில் கல்லால் அடித்தாள். “போங்க! போயிருங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. அவளைத்தான் அவற்றுக்குத் தெரியுமே. அழுதுகொண்டே கல்லை எடுத்து எறிந்தாள். முதல் கல் படவில்லை. இரண்டாவது, பெரிய குட்டியின் கண்ணோரத்தில் பட்டது. அது எழுந்து பல்லைக் காட்டிச் சீறிற்று. அவளைப் பார்த்து அது சீறியது அதுவே முதல் தடவை. பிறகு இரண்டும் காட்டுக்குள் பாய்ந்து ஓடின.

நாளைக்கும் வேண்டியிருக்கும் என்று பரிமளம் குனிந்து கல் பொறுக்கத் தொடங்கினாள்.