நெல்லுக்காக நின்ற பஸ்

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதப் பிற்பகலில், தம்பலகாமத்தில் எங்கள் வயலை ஒட்டிப் போகும் வீதியில் நடந்தது இது.

நான் லிங்கநகரில் வளர்ந்தவன். நகரத்தில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கலியாணத்துக்குப் பிறகு, மனைவியின் சீதன வயலை நாங்களே செய்வோம் என்று வேலையை விட்டுவிட்டு வந்தோம். அது மாரி மழையை நம்பி நாங்கள் விதைத்த முதல் பெரும்போகம். யானை வரவில்லை, வயலில் வெள்ளமும் தேங்கவில்லை, விளைச்சல் நன்றாகவே இருந்தது. மெஷினால் வெட்டிய நெல்லில் ஈரம் இருந்ததால், வீதியோரமாகப் படங்குச் சீலை விரித்துக் காயப் போட்டிருந்தோம்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது பார்த்தால், கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. இரண்டு பேரும் ஓடினோம். நான் சாக்கைப் பிடிக்க மனைவி அள்ளினாள். எவ்வளவு அள்ளியும் நெல் குறைகிற மாதிரித் தெரியவில்லை. காற்றும் குளிர்ந்துவிட்டது. நனைந்த நெல் முளைத்துவிடும். வியாபாரி திரும்பியும் பார்க்க மாட்டார்.

"ரெண்டு பேரால ஏலாது" என்றாள் மனைவி.

அந்த நேரம் நகரத்துக்குப் போகும் பஸ் வந்து நின்றது. வீதியை மறித்ததற்கு ஏசப் போகிறார் என்றுதான் சாரதியைப் பார்த்தேன். அவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? மிச்சச் சாக்கு எங்க?" என்றவர், பஸ் பக்கம் திரும்பி, "ஏலுமான ஆக்கள் இறங்குங்கோ" என்றார்.

பாதிப் பஸ் இறங்கியது. கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட ஒருவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்குத் தூக்கினார். இன்னொருவர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியால் அள்ளினார். அபாயா அணிந்த, கிண்ணியா ஊர் அம்மா ஒருவர் முழங்காலூன்றி, இரண்டு கையாலும் நெல்லைக் கூட்டித் தள்ளினார். உடுப்புப் பழுதாகிவிடும் என்று என் மனைவி தடுத்தாள்.

"எங்களுக்கும் வயல் இரிக்கு மகள். நெல் நனையிறதப் பாத்துக்கொண்டு எப்பிடி உள்ளுக்கு இரிக்கிற?" என்றார் அவர், கையை நிறுத்தாமலே.

பஸ்ஸுக்குள் ஒரு ஐயா மட்டும், தனக்கு நேரம் போகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் குவியலை அள்ளும்போது துளி விழத் தொடங்கியது. அப்போது அவரே இறங்கி வந்து, தன் குடையை விரித்து நெல்லுக்கு மேல் பிடித்தார். தலை நனைய நனைய, "கெதியா முடியுங்கோ, நான் போகவேணும்" என்று ஏசுவதை மட்டும் விடவில்லை.

சாக்குகள் வயலோரக் கொட்டிலுக்குள் போய்ச் சேர, மழை கொட்டியது. தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று மனைவி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் ஈர உடுப்போடு ஏறிப் போய்விட்டார்கள். ஓரத்தில் கிடந்த கொஞ்ச நெல்தான் நனைந்தது. அது கோழிகளுக்குப் போனது. குடை பிடித்த ஐயாவை நினைத்து நாங்கள் இரண்டு பேரும் கொட்டிலுக்குள் இருந்து சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு நல்ல போகமும் கண்டோம், கையைக் கடித்த போகமும் கண்டோம். வயல் செய்கிறவனுக்கு யார் துணை என்று உறவுக்காரர் கேட்பதுண்டு. பெயர்கூடத் தெரியாத அத்தனை பேர் என் நெல்லைத் தங்கள் வீட்டுச் சோறாக நினைத்துக் குனிந்து அள்ளியதைப் பார்த்தவன் நான். அன்று முதல், வயலில் ஒற்றை ஆளாக நிற்கும்போதும் தனியாக நிற்பதாக எனக்குத் தோன்றுவதில்லை.