மழைமேல் போட்ட பழி

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தை எழுதுகிறேன்.

மனைவி போன பிறகு கடத்தூர் வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தாள். சித்தேரி மலைக்குச் சாலை வராத காலத்தில், நோயாளிகளையும் பிரசவ வலி வந்த பெண்களையும் மூங்கிலில் தூளி கட்டிக் கீழே சுமந்து வந்த ஆட்களைத் தேடிப் போய், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துவந்தாள். சாயங்காலங்களில் அதை லேப்டாப்பில் போட்டுக் கேட்டு எழுதுவாள். “அப்பா, இந்தப் பெரியவர் பேசறதக் கேளுங்களேன், அஞ்சு நிமிசம்” என்று காதில் மாட்டுவதை என் பக்கம் நீட்டுவாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்புறம் கேக்கறேன்மா” என்பேன்.

அன்றைக்கு அவள் தருமபுரிக்குப் போயிருந்தாள். லேப்டாப் சாப்பாட்டு மேஜைமேல் திறந்தபடி இருந்தது. பிரஷர் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தவன், மாத்திரை அட்டையை எடுக்கத் திரும்பும்போது முழங்கை இடித்து, சொம்பு லேப்டாப்மேலேயே சாய்ந்தது.

துண்டால் துடைத்தேன். கவிழ்த்துப் பிடித்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் வருவதற்குள் அது ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளும் பதற்றம். பொத்தானை அழுத்தினேன். திரை ஒருமுறை வெளிச்சமாகி அணைந்தது. சார்ஜரைச் செருகி மறுபடி அழுத்தினேன். லேசாகக் கருகல் வாசனை வந்தது.

நனைந்த செல்போனை அரிசியில் புதைத்தால் ஈரம் போய்விடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் அரிசி சின்ன டப்பாவில்தான் இருக்கும். ட்ரம் நிறைய இருப்பது ராகி. ராகிக்குள் புதைத்து மூடியைப் போட்டேன். அவள் வரும் பஸ் நேரத்துக்கு எடுத்து, ஊதித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மகள் வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தாள். இரண்டு நாள் முன்பு மலையிலிருந்து இறங்கும்போது மழையில் அவள் பை நனைந்திருந்தது. “ஐயோ, அன்னிக்குத் தண்ணி எறங்கியிருக்குமோ? நேத்துகூட நல்லாத்தானப்பா இருந்துச்சு” என்று என்னைப் பார்த்தாள். நான் சொன்னது இதுதான்: “பேட்டரியா இருக்கும். ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்.”

உடனே கடைக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்றுதான் அப்படிச் சொன்னேன். மூன்றாம் நாள், நானே எடுத்துப் போகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். நரைத்துவிட்டது அவருக்கும். பின்மூடியைக் கழற்றி வெள்ளைத் தாள்மேல் தட்டினார். பொலபொலவென்று ராகி கொட்டியது.

“என்னங்க சார், லேப்டாப்புல களி கிண்டுனீங்களா?” என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பச்சை பூத்திருந்த போர்டைக் காட்டினார். “தண்ணி பட்டதும் ஆன் பண்ணாம கொண்டாந்திருந்தா கழுவிக் காய வெச்சிருக்கலாங்க சார். கரண்டு குடுத்து, ரெண்டு மூணு நாள் ஊற வேற வுட்டாச்சு. இந்த மாடல்ல பதிவெல்லாம் போர்டுலயே ஒட்டியிருக்குதுங்க. தனியா கழட்ட வராது.”

அப்போது மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். “அண்ணா, மழைத் தண்ணி தானுங்களா? என்னாலதானுங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தாளில் கிடந்த ராகியைப் பார்த்தேன்.

“ஆமாம்மா” என்றார். “மழத் தண்ணிதான்.”

நான் கேட்காமலே எனக்காகச் சொன்ன பொய். வாத்தியாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற மரியாதை. நான் அதை மறுக்காமல் ராகியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சென்னைக்கு அனுப்பிப் பார்த்தும் எதுவும் மீளவில்லை. பழைய பதிவுகள் பென் டிரைவில் இருந்தன. கடைசி ஐந்து மாதத்தது போயிற்று. அதில் பேசியவர்களில் ஒரு பெரியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அப்பன் குரலைக் கேட்க வேண்டும் என்று அவர் மகன் சொல்லி அனுப்பினார். நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று மகள் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

அந்த வீட்டு வாசலில் நின்று, “என் தப்புதாங்க அண்ணா. மழையில நனைய வுட்டுட்டேன்” என்று அவள் அழுதாள். அந்த மனிதர் அவளைத்தான் தேற்றினார். “வுடு தாயி. மழ பேயறதுக்கு நீ என்ன பண்ணுவ?” பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன் நான்.

அரூருக்கு இறங்கும் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். சொம்பு, பொத்தான், ராகி ட்ரம், கடையில் பேசியது எல்லாம்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் பேசினாள்.

“தண்ணி ஊத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலப்பா. அங்க நான் அழும்போதுகூட டீ குடிச்சிட்டிருந்தீங்களே. அவருகிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் வரல” என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் தனியாகப் போனேன். காட்டிலிருந்து அவரைக் கூப்பிட்டு வந்தார்கள். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் தலைத்துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பிறகு கேட்டார்:

“மிசினு போனா போவுதுங்க. நீங்க அந்தப் புள்ளகூட ஒரே வூட்டுலதான இருந்தீங்க? எங்கப்பன் என்னங்க பேசியிருந்துச்சு அதுல? அதயாச்சும் சொல்லுங்க.”

மகள் நீட்டியபோதெல்லாம் “அப்புறம் கேக்கறேன்மா” என்று சொன்னவன் நான்.