செத்தவனுக்குக் கல்யாணம்

வீடியோ கேசட் கடைக்காரனுக்குப் படம் பார்க்க நேரம் கிடையாது. ஆனால் எந்தப் படம் எப்படி என்று கேட்டால் மட்டும் டக்கென்று சொல்லியாக வேண்டும். கடை வைத்து நொந்துபோனவர்களுக்கு இது புரியும். எண்பதுகளின் கடைசியில் ஆவடி சேக்காட்டில் நான் கடை போட்டிருந்தேன். "கடை ஓடலேன்னா சாத்திட்டு என் கம்பெனியில வந்து லோடு எண்ணுங்க மாப்ளே" என்று மாமனார் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அக்கா தீர்ப்பு

பக்கத்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் திருநெல்வேலி சரசக்கா வைத்ததுதான் சட்டம். சனிக்கிழமைதோறும் கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கை என்னிடம் வாடகைக்கு எடுப்பார். அந்த வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் அவர் வீட்டு ஹாலில் கூடுவார்கள். அக்கா நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேசட்டைக் குவார்ட்டர்ஸில் ஒரு ஈ காக்கா தொடாது.

பொங்கலுக்கு நம்பி ஒரு புதுப்படம் வாங்கினேன். காலேஜ் காதல், பாட்டு, இடைவேளையில் கல்யாணம் என்று அமர்க்களமாகப் போகும். பிறகு கதாநாயகனுக்கு வியாதி வந்து, இருமி இருமிச் செத்துப்போவான். பொங்கல் வியாபாரமே அந்தக் கேசட்டைத்தான் நம்பியிருந்தது. மறுநாளே அக்கா அதைக் கவுண்டரில் தொப்பென்று வைத்தார்.

"ஏன் தம்பி, நல்ல நாளும் அதுவுமா எழவு வீட்டையா வாடகைக்குத் தாறிய? எங்க வீட்டுக்காரவ சாப்பிடாமலே படுத்துட்டாவ!"

பாதிப் படம்

ஆசை யாரை விட்டது? அதே வரிசையில் குடியிருந்த ஒரு ஸ்டோர் கிளார்க்கிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கேசட்டைக் கொடுத்தேன். நல்ல மனிதர். மறுநாள் சிரித்த முகமாகத் திருப்பித் தந்தார். எனக்கு உயிர் வந்தது. டேப்பைப் பார்த்தால் சரியாக நடுவில் நிற்கிறது.

"கல்யாணத்தோட ஆஃப் பண்ணிட்டேன் சார். நல்லா இருக்கிற குடும்பத்தை நாம ஏன் பார்த்துக் கெடுக்கணும்?"

ஆட்டோக்காரர் விமர்சனம்

டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும் ரீவைண்டர் மக்கர் செய்துகொண்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டும் முனுசாமி வந்து, எதையாவது கொடு என்றார். நடுவில் நின்ற அந்தக் கேசட்டை அப்படியே கொடுத்துவிட்டேன். அவரும் அப்படியே போட்டுப் பார்த்திருக்கிறார். ஆள் செத்து, டேப் முடிந்து, டெக் தானாகவே ரீவைண்ட் ஆனதும், இன்னும் படம் இருக்கிறது போல என்று மறுபடியும் பிளேயை அமுக்கியிருக்கிறார். கல்யாணம் வந்ததும், படம் சுபமாக முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார். மறுநாள் திட்டப்போகிறார் என்று பயந்து நின்றேன். வந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணாத்தே, படம்னா இதான் படம்! மொதல்ல ஹீரோ செத்துப் பூட்டான், நான் அழுதுகினே கீறேன். அப்பால பேரு போட்டாங்க. மறுஜென்மம் எடுத்து அதே பொண்ண காலேஜ்ல புடிச்சு கண்ணாலம் கட்டிக்கினான் பாரு!"

சரியான காப்பி

முனுசாமி சவாரி போன இடமெல்லாம் மறுஜென்மக் கதையைப் பரப்பிவிட்டார். குவார்ட்டர்ஸ் வரை எட்டியது. சரசக்கா கோபமாக வந்தார். ஆட்டோக்காரருக்கு அதே படத்தில் நல்ல காப்பி, தனக்கு மட்டும் சாகிற காப்பியா என்று கேட்டார். ஏமாற்றுக்காரன் என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் லோடு எண்ணப் போக வேண்டியதுதான். வருவது வரட்டும் என்று உண்மையைச் சொன்னேன்: ஒரே காப்பிதான் அக்கா, அவர் பின்பாதியை முதலில் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

அக்கா உடனே கேசட்டை இடைவேளையில் கொண்டுபோய் நிறுத்தித் தரச் சொல்லி வாங்கிப் போனார். அடுத்த நாள் அவர் வரும்போது கூடவே நாலைந்து பெண்கள், அந்தக் கேசட் அடுத்து யாருக்கு என்று சண்டை போட்டபடி வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்:

"நேத்து நாங்க எல்லாரும் கண்குளிர கல்யாணம் பார்த்துட்டுத்தான் எந்திச்சோம். இனிமே யாரு கேட்டாலும் ரீவைண்ட் பண்ணாமக் குடுங்க தம்பி, பாவம், அந்தப் பையன் பிழைச்சுக்கிடட்டும்!"

எத்தனையோ சினிமாக்காரர்கள் கூடிக் கஷ்டப்பட்டுக் கொன்ற கதாநாயகனை, ஒரு காட்சியைக்கூட வெட்டாமல் பிழைக்கவைத்த பெருமை எங்கள் சேக்காட்டையே சேரும்.