ஓடை மேட்டில் ஏறிய பழைய ஆட்டோமேட்டிக் டிரக்

1994 மே மாதம். மதுரையில் பாலிடெக்னிக் ஆசிரியராக இருந்தேன். ராஜபாளையத்திலிருந்து என் மனைவியின் அண்ணன் செல்வராஜ் போன் செய்தார்.

"மாப்ள, வத்திராயிருப்புத் தோப்புல மாங்கா பறிச்சுப் போட்டாச்சு. வண்டி இழுக்க மாட்டேங்குது. ஒடனே கெளம்பி வாங்க."

வண்டி என்பது அவர் துறைமுக ஏலத்தில் எடுத்த பழைய வெளிநாட்டு டிரக். ஆட்டோமேட்டிக் கியர். ஊரே சிரித்த வண்டி. அந்த வாரம் வாடகை லாரி எதுவும் கிடைக்கவில்லை. நாள் தப்பினால் அறுபது கூடை மாம்பழமும் அழுகிவிடும்.

காலை பத்தரைக்கு மதுரையில் பஸ் ஏறி ஒரு மணிக்கு ராஜபாளையத்தில் இறங்கினேன். ஆட்டோமேட்டிக் கியரை அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன் என்பதை மச்சானிடம் சொல்லவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் அலறியது, வண்டி அசையவில்லை. பிறகு ஒரே குலுக்கலில் பாய்ந்தது. "சமீபத்துல கியர் எண்ணெய் மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"போன வாரம் மாத்தினேன். செவப்பு எண்ணெய்தான் ஊத்தினாங்க. இதுக்கும் செவப்புதானே?"

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, பிடியை மண்ணெண்ணெயில் துடைத்தேன். அழுக்குக்கு அடியில் எண்ணெய் வகையின் பெயர் தெரிந்தது: டைப் எஃப். காலி டின்னைப் பார்த்தேன், ஊற்றியிருந்ததோ வேறு வகை. நிறம் ஒன்றுதான், குணம் வேறு. அது வழுக்கலானது, இந்தக் கியருக்குள் இருக்கும் தட்டுகளுக்குப் பிடிப்பு வேண்டும்.

கடைத்தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினோம். எங்கும் இல்லை. மச்சானின் முகம் தொங்கிப்போனது. வீட்டுக்கு வந்தபோது, பஞ்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் மச்சானின் மனைவி லீலா காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். என் மனைவியைப் போல நானும் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். நான் சொன்ன எழுத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"எங்க மில்லுல பாரம் தூக்குற பழைய ஃபோர்க்லிஃப்டுக்கு வாங்கினது மூணு டின் சும்மா கெடக்கு. அந்த மிஷினையே வித்தாச்சு. மேனேஜர்ட்ட கேட்டுட்டு வாரேன்."

ஐந்து மணிக்கு ரிக்‌ஷாவில் மதினி வந்து இறங்கினார், மடியில் ஒரு டின், காலடியில் இரண்டு. சீல் உடையாத ஐந்து லிட்டர் டின்கள், ஒன்று முந்நூற்று இருபது ரூபாய். பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றி, கியரை முன்னும் பின்னும் போட்டு ஓடவிட்டு, மறுபடி வடித்து ஊற்றினோம். ஒரு தடவையில் பாதிதான் இறங்கும்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு மதினியும் சேர்த்து மூவரும் புறப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடி, ஆறே முக்காலுக்குத் தோப்பில் நின்றோம். பாரம் ஏற்றியதும் ஓடை மேடு. செங்குத்தான ஏற்றம். கூலியாட்கள் தள்ளுவதற்குத் தயாராகப் பின்னால் வந்தார்கள்.

"யாரும் தொடாதீக!" என்று மதினி கத்தினார்.

மச்சான் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி திணறவில்லை, குலுங்கவில்லை. யானை நடப்பதுபோல் நிதானமாக மேலேறி நின்றது. கூலியாட்கள் விசில் அடித்தார்கள். மச்சான் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடிக்கப் போனார். "அவங்களை!" என்று மதினியைக் காட்டினேன். இருவரும் வெட்கப்பட்டார்கள்.

ஒன்பது பத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டி. ஒரு கூடைகூட அழுகலென்று கழிக்கப்படவில்லை. தரகர் வண்டியைச் சுற்றி வந்து, "இத வெலைக்குக் குடுப்பியளா?" என்றார். "ஏறுங்க, ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன். குடுக்கதா இல்ல," என்றார் மச்சான்.

பழைய ஆட்டோமேட்டிக் வண்டியோடு கிளம்புகிறவர்களுக்கு: கையேட்டையோ கம்பியையோ படிக்காமல் எண்ணெய் வாங்காதீர்கள். வண்டி சூடானபின், சமதரையில், இன்ஜின் ஓடும்போது அளவு பாருங்கள். தீய்ந்த வாடை வந்தால் பாரம் ஏற்றாதீர்கள். சரியான எண்ணெய் கடையில் கிடைக்காவிட்டால், பக்கத்து மில்களிலும் விசாரியுங்கள். எங்கள் வண்டி அதற்குப்பின் ஆறு மாம்பழப் பருவம் அந்த மேட்டில் ஏறியது, ஒருமுறைகூடத் தள்ளாமல்.